ஐந்து மணிக்கு விமானம் இல்லை

"எங்க அண்ணன் எங்க அப்பாவைக் கொல்லலை சார். ஆனா கடைசி ரெண்டரை மணி நேரத்தை எங்கிட்டேருந்து திருடிட்டான். அதுக்குச் சட்டத்துல என்ன பேரோ எனக்குத் தெரியாது."

நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே அந்தப் பெண் இதைச் சொல்லிவிட்டாள். நாற்பதை நெருங்கும் வயது. கண்ணுக்குக் கீழே கருவளையம். தோள்பையின் பிடியில் விமான நிலையத்தில் ஒட்டிய காகிதப் பட்டை இன்னும் கிழிக்கப்படாமல் இருந்தது. காலை பத்து மணி. ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த அந்தச் சின்ன அறையில் கீழே ஓடும் இயந்திரத்தின் சத்தம் தரைவழியாக வந்துகொண்டிருந்தது.

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவரை ஊரே 'நிதானம்' என்றுதான் கூப்பிடும். காப்பீட்டு நிறுவனத்தில் இருபத்திரண்டு வருடம் பொய்யான கோரிக்கைகளைக் கண்டுபிடித்த மனிதர்; இப்போது சொந்தமாகத் துப்பறியும் வேலை. தீப்பிடித்த வீட்டுக்குள் நின்றால்கூட முதலில் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத்தான் வாசலைத் தேடுவார் என்று அவர் மனைவியே சொல்வாள். அவருக்கு நேர் எதிர், பக்கத்தில் நின்ற அந்த மனைவியின் தம்பி. பயணச்சீட்டு விற்கும் அலுவலகத்தில் இருபது வருடம் குப்பை கொட்டிவிட்டு, அது மூடப்பட்ட பிறகு அத்தானோடு ஒட்டிக்கொண்டவர். அசல் அவசரக்குடுக்கை. ஆனால் மனசு தங்கம், அதையும் சொல்லிவிட வேண்டும்.

"முதல்ல உட்காருங்கம்மா" என்றார் நிதானம். "தண்ணி குடிங்க. அப்புறம் ஆரம்பத்துலேருந்து சொல்லுங்க."

அவள் தண்ணீரைத் தொடவில்லை. ஆனால் சொன்னாள்.

அவள் ஒரு பள்ளிக்கூடத்து நூலகர். திருமணமாகிப் போனதிலிருந்து இருப்பது 2,840 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள நகரத்தில். இந்த ஊரில் அப்பா தனியாக இருந்தார். இரண்டு தெரு தள்ளி அண்ணன். அவர் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். அப்பாவுக்கு இதயம் பலவீனம். இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டில் நிம்மதியாக இருக்கட்டும் என்று மருத்துவர்கள் சொல்லி அனுப்பிவிட்டார்கள். பதினோரு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் பகல் இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு அவர் போய்விட்டார்.

"எனக்குத் தகவல் வந்தது பதினொண்ணு இருபதுக்கு. அதுவும் என் வீட்டுக்காரர் மூலமா. அவர் மருந்து கம்பெனியில இருக்கார். உள்ள போன் கொண்டுபோகக் கூடாது, பெட்டியில வெச்சுப் பூட்டிட்டுத்தான் போகணும். டீ நேரத்துல வெளிய வந்தவர் என்னைக் கூப்பிட்டு, 'அண்ணன் போன் பண்ணார், மாமாவுக்கு முடியலையாம், உடனே கிளம்பு'ன்னார். ஒரு மணி விமானத்தைப் பிடிச்சேன். வீட்டுக்கு வரும்போது சாயந்தரம் ஆறு. அப்பாவைக் கிடத்தியிருந்தாங்க."

"உங்க அண்ணன் நேரா உங்களுக்கு ஏன் கூப்பிடலை?"

"அவன் எனக்குக் கூப்பிட்டே ரெண்டு வருஷம் ஆச்சு சார். அப்பாவை என்னோட அனுப்புன்னு கேட்டேன், முடியாதுன்னான். பெரிய சண்டை. வாய்க்கு வந்தபடி பேசினேன். அன்னையிலேருந்து ஒரு போன் கிடையாது. அவனுக்கு அவ்வளவு ரோஷம்."

"அப்பா போன்லேருந்து கூப்பிட்டிருக்கலாமே?" என்று குறுக்கே புகுந்தார் மைத்துனர்.

"அது தண்ணியில விழுந்து மூணு நாளா ரிப்பேர் கடையில கிடந்துச்சு. அண்ணனை விட்டா எனக்கு வேற வழியே இல்லை. அந்த ஒரே வழியை அடைச்சு வெச்சுட்டான்."

அவள் பையிலிருந்து கையகல நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள். மூன்று நாளைக்கு முன்னால், அப்பாவின் அலமாரியை ஒழித்தபோது கிடைத்ததாம். அவர் விமான நிலையத்தில் முப்பத்திநாலு வருடம் வேலை பார்த்தவர். விமானம் போக வேண்டிய தூரம் எவ்வளவு, மேலே காற்று எப்படி, எத்தனை மணி நேரம் ஆகும், எவ்வளவு எரிபொருள் வேண்டும் என்று கணக்குப் போட்டு விமானியின் கையில் கொடுக்கும் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. அன்றாடம் நடப்பதையெல்லாம் நேரம் போட்டு எழுதியிருந்தார்.

மைத்துனர் பக்கங்களைப் புரட்டி வேகமாகப் படித்தார். "02:30 மாத்திரை. 04:15 மொட்டை மாடியில் துணி காய்ந்துவிட்டது, எடுத்து மடித்தேன். 14:30 தெருவிளக்கு எரிகிறது, மூன்றாவது மட்டும் இல்லை. பாவம், தூக்கமே இல்லாத மனுஷன். கடைசிப் பக்கம் எங்க?"

கடைசிப் பக்கத்தில் எழுத்து கொஞ்சம் கோணலாக இருந்தது.

03:10 நெஞ்சில் வலி. பெரியவனுக்குச் சொல்லியனுப்பினேன்.
03:35 பெரியவன் வந்தான். சின்னவளுக்குச் சொல்லச் சொன்னேன்.
05:00 சின்னவள் கிளம்பிவிட்டாள். 2,840 கி.மீ. எதிர்காற்று. 4 மணி 10 நிமிடம்.
06:00 680.
07:00 1,360.
08:00 2,040. இன்னும் 800.

"பார்த்தீங்களா?" அவள் குரல் உடைந்தது. "மூணு முப்பத்தஞ்சுக்கு எனக்குச் சொல்லச் சொல்லியிருக்கார். சொல்லியிருந்தா ஏழு மணி விமானத்துல ஏறியிருப்பேன். பதினொண்ணே முக்காலுக்கு அப்பா பக்கத்துல இருந்திருப்பேன். ரெண்டரை மணி நேரம் சார்! அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டரை மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். இவன் எனக்குச் சொல்லவே இல்லை. ஆனா அப்பாகிட்ட அஞ்சு மணிக்கு 'அவ கிளம்பிட்டா'ன்னு பொய் சொல்லியிருக்கான். அவரும் நம்பி, நான் வர்ற தூரத்தை எண்ணிக்கிட்டே படுத்திருந்திருக்கார். இப்படியும் ஒரு மனுஷன் பழி வாங்குவானா?"

"அண்ணன்கிட்ட கேட்டீங்களா?"

"மூஞ்சிக்கு நேரா நோட்டைக் காட்டிக் கேட்டேன். ஒரு நிமிஷம் பார்த்தான். 'நீ எப்படி நினைக்கிறியோ அப்படியே வெச்சுக்கோ'ன்னுட்டுத் திரும்பிக்கிட்டான். இன்னைக்குச் சாயந்தரம் ஏழு மணிக்கு எனக்கு விமானம். அதுக்குள்ள ஏன் அப்படிச் செஞ்சான்னு எனக்குத் தெரியணும். நான் நினைக்கிறதுதான் உண்மைன்னா, இந்த ஊர்ல எனக்குன்னு யாரும் இல்லை. இனிமே கால் வைக்க மாட்டேன்."

"அத்தான், இது வெட்ட வெளிச்சம்" என்று மைத்துனர் கிசுகிசுத்தார். "ஒரே ஒரு இடம்தான் இடிக்குது. அந்த ஊர்லேருந்து இங்க ஏழு மணி, பத்தரை, ஒரு மணி, ராத்திரி எட்டு, இந்த நாலு விமானம்தான். எனக்கு மனப்பாடம். அஞ்சு மணிக்கு விமானமே கிடையாது. பொய் சொன்னவன் ஒழுங்கா விசாரிச்சாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

நிதானம் கண்ணாடியைக் கழற்றி மெதுவாகத் துடைத்தார். "பொய் சொன்னவரை விடு மச்சான். கேட்டவர் யாரு? விமான நேரமெல்லாம் அத்துப்படியான மனுஷன்" என்றார். பிறகு அந்தப் பெண்ணிடம், "உங்க போனைக் கொஞ்சம் காட்டறீங்களாம்மா?" என்று கேட்டு வாங்கினார். ஒரு நிமிடம் எதையோ திறந்து பார்த்தார். எதுவும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டு, மூன்று மணிக்கு அவள் அப்பா வீட்டுக்கு வரச் சொன்னார்.

பட்டறையில் வார்னிஷ் வாடை மூக்கைத் துளைத்தது. அண்ணன் ஒரு பழைய மோட்டாரின் வயிற்றிலிருந்து கருகிய செம்புக் கம்பியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். நரைத்த தாடி, எண்ணெய் படிந்த விரல்கள். வந்தவர்கள் யார் என்று தெரிந்ததும் கம்பியைக் கீழே வைத்தார்.

"நான்தான் லேட் பண்ணேன்னு எழுதிக்கோங்க சார். பழைய கோபம். விஷயம் முடிஞ்சுது."

"எத்தனை மணிக்கு அப்பா வீட்டுக்குப் போனீங்க?"

"நோட்டுலதான் போட்டிருக்கே."

"போட்டிருக்கு" என்றார் நிதானம். "அப்பாவோட அறையைக் கொஞ்சம் பார்க்கலாமா?"

அண்ணன் சாவியைத் தேடி எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். பாதி வழியில் நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "ஏழு மணி விமானம்தானே அவளுக்கு? காலையில ஏதாவது சாப்பிட்டாளா, கேட்டீங்களா?"

மைத்துனர் அத்தானைப் பார்த்தார். பழி வாங்கினவன் கேட்கிற கேள்வியா இது என்று அவருக்கே குழம்பிப் போயிற்று.

மாடி அறையில் ஒரு கட்டில், ஒரு அலமாரி, ஜன்னலுக்கு வெளியே தெருவிளக்குக் கம்பம். எல்லாவற்றையும் தூசி தட்டி வைத்திருந்தார் அண்ணன். சுவரில் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. நிதானத்தின் கைக்கடிகாரத்தில் மணி பன்னிரண்டே கால். சுவரில் ஆறே முக்கால்.

"பேட்டரி வீக்கா?" என்றார் மைத்துனர்.

"போன மாசம்தான் மாத்தினேன். அது எப்பவும் அப்படித்தான் சார். சரி பண்ணா அப்பா கத்துவார். மறுபடியும் திருப்பி வெச்சுக்குவார். இப்ப நான் மாத்த மனசு வராம அப்படியே விட்டுட்டேன்."

நிதானம் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். நாற்பது நிமிடம் அங்கேயே இருந்தார். அவர் முகம் அப்படி வாடி மைத்துனர் பார்த்ததே இல்லை.

மூன்று மணிக்குத் தங்கை வந்தாள். அண்ணனைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் போய் நின்றாள். அண்ணன் வாசல் நிலையில் சாய்ந்து தரையைப் பார்த்தபடி நின்றார்.

"அம்மா" என்று ஆரம்பித்தார் நிதானம். "உங்க அப்பா பதினாலு முப்பதுக்குத் தெருவிளக்கு எரிஞ்சதுன்னு எழுதியிருக்கார். மத்தியானம் ரெண்டரைக்கு எந்தத் தெருவுல விளக்கு எரியும்? நாலே காலுக்குத் துணி காஞ்சிடுச்சாம். விடியாத நேரத்துல துணி எப்படிக் காயும்?"

"வயசாயிடுச்சு சார். தப்பா எழுதியிருப்பார்."

"அவர் தப்பா எழுதலை. நாமதான் தப்பாப் படிச்சோம். ஒரு விமானம் ஒரு ஊர்ல கிளம்பி இன்னொரு ஊர்ல இறங்கும். ரெண்டு ஊர் கடிகாரமும் ஒண்ணா இருக்கும்னு சொல்ல முடியாது. அதனால அந்த வேலையில இருக்கறவங்க உலகம் பூரா ஒரே கடிகாரத்தைப் பார்த்துத்தான் எழுதுவாங்க. உலகப் பொது நேரம். நம்ம ஊருக்கும் உங்க ஊருக்கும் அது அஞ்சரை மணி நேரம் பின்னால. முப்பத்திநாலு வருஷம் அந்த நேரத்துலேயே எழுதின கை, ஓய்வு பெத்தப்புறமும் மாறலை. இதோ சுவத்துல ஓடறதும் அதே நேரம்தான்."

அவள் திரும்பிக் கடிகாரத்தைப் பார்த்தாள். உதடு அசைந்தது. கூட்டிப் பார்க்கிறாள் என்று தெரிந்தது.

"அஞ்சோட அஞ்சரையைக் கூட்டுங்க. பத்தரை. பத்தரைக்கு விமானம் இருக்கு. மணிக்கு ஒரு தரம் எழுதினவர் எட்டு மணியோட நிறுத்திட்டார். அது ஒண்ணரை மணி. அடுத்ததை எழுத அவர் இல்லை. ரெண்டு பத்துக்குப் போயிட்டார்."

"அப்ப மூணு முப்பத்தஞ்சுங்கறது..."

"காலையில ஒன்பது அஞ்சு. விடியற்காலையில உங்க அப்பாவுக்கு ஒண்ணுமே இல்லைம்மா. அண்ணன் எதையும் ஏழெட்டு மணி நேரம் மறைக்கலை."

மைத்துனருக்கு இருப்புக் கொள்ளவில்லை. "ஆனா அத்தான், ஒன்பது அஞ்சுலேருந்து பதினொண்ணு இருபது வரைக்கும்?"

"சார், வேணாம்." வாசலில் இருந்து அண்ணனின் குரல் வந்தது. "உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். இதோட விட்டுடுங்க. நான்தான் தப்புன்னு சொல்லிட்டேனே!"

நிதானம் எழுந்து அவர் அருகில் போனார். "அவங்க அப்பாவை இழந்தாங்க. அதை யாராலயும் தடுத்திருக்க முடியாது. ஆனா இன்னைக்கு ஏழு மணிக்கு அண்ணனையும் இழந்துட்டுப் போகப் போறாங்க. அது உங்க பொய்யால. அதுக்கு நான் துணை போக மாட்டேன்."

பிறகு தங்கையிடம் திரும்பினார். "அம்மா, காலையில உங்க போனை வாங்கிப் பார்த்தேன். அதுல யாரையெல்லாம் பிளாக் பண்ணியிருக்கீங்கன்னு ஒரு பட்டியல் இருக்கு. ஒரே ஒரு நம்பர்தான் இருக்கு."

அவள் பையிலிருந்து போனை எடுத்தாள். இரண்டு முறை தவறாக அழுத்தி, மூன்றாம் முறை அந்தப் பட்டியலைத் திறந்தாள்.

"சண்டை போட்ட அன்னைக்குக் கோபத்துல பண்ணேன்" என்றாள், யாரிடமோ சொல்வதுபோல. "ரெண்டு நாள் கழிச்சு எடுத்துடலாம்னுதான்... எடுக்கலையா? நான் எடுக்கவே இல்லையா?"

"எத்தனை தடவை கூப்பிட்டீங்க?" என்று அண்ணனைக் கேட்டார் நிதானம்.

அண்ணன் வேறு வழியில்லாமல் சொன்னார். "ஒன்பது எட்டுலேருந்து. எண்ணலை சார். உடனே உடனே கட் ஆச்சு. நீதான் கட் பண்றேன்னு நெனைச்சேன் பாப்பா. இன்னும் கோபம் போகலைன்னு நெனைச்சேன். மாப்பிள்ளைக்கு அடிச்சேன், அடிச்சுக்கிட்டே இருந்தேன், எடுக்கலை. டாக்டர் ஊசி போட்டுட்டு இன்னைக்குத் தாண்டாதுன்னுட்டார். அப்பா அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை, 'கிளம்பிட்டாளா, கிளம்பிட்டாளா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தார். கடைசியில தாங்க முடியாம, பத்தரை விமானத்துல ஏறிட்டாப்பான்னு சொல்லிட்டேன். உடனே நோட்டைக் கேட்டு வாங்கினார்."

"பிளாக்ல இருக்குன்னு எப்பத் தெரிஞ்சுது உனக்கு?" என்று கேட்டாள் தங்கை.

"மறுநாள். மாப்பிள்ளைதான், பிளாக் பண்ணியிருப்பாளோன்னார். அவகிட்ட சொல்லிடாதீங்கன்னு அவர்கிட்ட சத்தியம் வாங்கினேன்." அவர் எண்ணெய்க் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "பக்கத்து வீட்டு அம்மா போன் இருந்துச்சு. டாக்டர் போன் இருந்துச்சு. வேற நம்பர்லேருந்து அடிக்கணும்னு இந்த மண்டைக்குத் தோணவே இல்லை பாப்பா. ரெண்டு மணி நேரம் மூளையே ஓடலை. அப்ப யார் தப்புன்னு யார் சொல்றது? நீ என்னைத் திட்டினா நான் தாங்கிக்குவேன். உன்னையே நீ திட்டிக்கிட்டா யார் இருக்கா உன்னைத் தாங்க?"

"இதையும் கேளுங்கம்மா" என்று நிதானம் இடையில் பேசினார். "ஒன்பது எட்டுக்கே நீங்க போனை எடுத்திருந்தாலும், பிடிக்கக்கூடிய முதல் விமானம் பத்தரைதான். அன்னைக்கு அடிச்ச எதிர்காத்துல நாலு மணி பத்து நிமிஷம். உங்க அப்பா போட்ட கணக்கு, தப்பா இருக்காது. ரெண்டு நாற்பதுக்குத்தான் இறங்கியிருப்பீங்க. அவர் போனது ரெண்டு பத்து. நீங்க வந்து சேர்ந்திருக்க முடியாது. யார் என்ன செஞ்சிருந்தாலும் முடியாது."

தன் வாழ்நாளில் எத்தனையோ கணக்குகளை முடித்துக் கொடுத்தவர் நிதானம். இந்தக் கணக்காவது அவளுக்கு ஆறுதல் தரும் என்று நம்பித்தான் சொன்னார்.

அவள் கட்டிலில் கை வைத்தாள். "விமானம் வராட்டிப் போகட்டும் சார். போன் வந்திருக்குமே. காதுல வெச்சு, 'அப்பா'ன்னு ஒரு தடவை கூப்பிட்டிருப்பேனே. அதுக்கு எத்தனை கிலோமீட்டர் சார்?"

நிதானம் கண்ணாடியைக் கழற்றினார், துடைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார். மைத்துனர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினார்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அழுகை கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் வந்தது, பிறகு சத்தத்தோடு வந்தது. அண்ணன் ஓர் அடி எடுத்து வைத்தார், நின்றார், மறுபடி ஓர் அடி வைத்தார். கிட்டப் போனால் தள்ளிவிடுவாளோ என்ற பயம் அந்தப் பெரிய உடம்பு முழுக்கத் தெரிந்தது. கடைசியில் அவரும் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"பதினோரு மாசமா உன்னைக் கரிச்சுக் கொட்டினேனே" என்றாள். "ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருக்கக் கூடாதா அண்ணா?"

'அண்ணா' என்று அவள் கூப்பிட்டு இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அண்ணன் தலையை மட்டும் ஆட்டினார்.

நிதானம் மைத்துனரின் தோளைத் தொட்டார். இருவரும் படியை நோக்கி நடந்தார்கள். பின்னால் அவள் குரல் கேட்டது.

"கடைசியா என்ன பேசினார்?"

"ஒண்ணே முக்கால் இருக்கும். கண்ணைத் தொறந்தார். 'அவளுக்கு ஜன்னல் ஓரம் கெடைச்சுதா'ன்னு கேட்டார். கெடைச்சுதுப்பான்னேன். சிரிச்சார். அப்புறம் பேசலை." அண்ணனின் குரல் கரகரத்தது. "செத்துக்கிட்டிருந்த மனுஷன்கிட்ட அதையும் பொய்தான் சொன்னேன் பாப்பா."

நிதானம் படியில் நின்றுவிட்டார்.

"பொய் இல்லை அண்ணா" என்றாள் அவள். "ஒண்ணே முக்காலுக்கு நான் விமானத்துலதான் இருந்தேன். அப்பாகிட்டதான் வந்துக்கிட்டிருந்தேன். ஜன்னல் ஓரம்தான் உட்கார்ந்திருந்தேன்."

பதினோரு மாதமாக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத அண்ணன் அப்போதுதான் வாய்விட்டு அழுதார்.